கச்சேரி செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் வயலின் கற்பிக்க முடியுமா?

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: வயலினில் முதுகலை முடிக்கப்போகும் தம் மகள், கச்சேரிகளை விட்டுவிடாமல் பல்கலைக்கழக ஆசிரியராகவும் ஆக முடியுமா என்று. கோவையில் 18 ஆண்டுகளாக இரண்டையும் செய்துவருகிறேன். தாராளமாக முடியும். வயலின் மேதைகளில் துவாரம் வெங்கடசாமி நாயுடு ஆந்திராவின் விஜயநகரம் இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 1936இல் முதல்வரானார், டி.என். கிருஷ்ணன் டெல்லிப் பல்கலைக்கழக இசைப் புலத்தின் தலைவராக இருந்தார். இருவரும் மேடையைக் கைவிடவில்லை.

தகுதியைப் பொறுத்தவரை, முதுகலையில் 55 விழுக்காடும் அதனுடன் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும் என்பது பொதுவழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிமுறையில் இசைக்கு இன்னொரு வழியும் உண்டு: தேர்ந்த குருவிடம் பயின்று, அகில இந்திய வானொலியின் கலைஞர் தேர்வில் 'ஏ' தரம் பெற்றவர், இளங்கலைப் பட்டத்துடனேயே உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே வானொலித் தேர்வைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கற்பித்தால் வாசிப்பு தேய்ந்துவிடும் என்பார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து மஞ்சள் விவசாயி ஒருவரின் மகள் முதலாண்டில் சேர்ந்தாள். சேர்க்க வந்த அவளுடைய அம்மா, "ஏனுங்க, இதப் படிச்சா சோறு போடுமுங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் தொடக்கப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், வாசிக்கும்போது வில் பாலத்தை விட்டு மெல்ல விரல்பலகைப் பக்கம் நகரும், நாதம் மெலிந்துவிடும். ஒரு வில்லுக்கு ஒரு சுரம் என்று, தோள்பட்டை இறுகாமல் முழு வில்லும் போட்டு, அவளுடன் நானும் உட்கார்ந்து மாதக்கணக்கில் வாசித்தேன். அந்த மாதங்களில்தான் கச்சேரியில் தார ஷட்ஜத்தில், அதாவது மேல் ஸ்தாயி 'ஸ'வில், நான் நீட்டி நிறுத்தும் கார்வை அசையாமல் நிற்கத் தொடங்கியதை, மிருதங்கம் வாசித்த நண்பர் எனக்கு முன்பே கவனித்துச் சொன்னார்.

கச்சேரிக்கு வயலின் வாசிப்பதே ஒரு தனிப் படிப்பு. பாடகர் என்ன ராகம் எடுக்கப்போகிறார் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஆலாபனையில் அவர் குரலுக்கு ஒரு மூச்சுப் பின்னால் நிழல்போல் சென்று, அவர் நிறுத்தியதும் அதே ராகத்தை நம் வழியில் சொல்ல வேண்டும். பெண் பாடகர்களுக்கு ஐந்து கட்டையை ஒட்டியும் ஆண்களுக்கு ஒரு கட்டையை ஒட்டியும் சுருதி இருப்பதால் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) நான் இரண்டு வயலின்கள் வைத்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று ஈரத்தோடு வீசும்போது தந்தியை முறுக்கும் பிருடைகள் இறுகிக்கொள்ளும். மாசி வறட்சியில் வழுக்கும். வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க முடியாத இவற்றை மேடைக்குப் பின்னால் மாணவர்களுக்குக் காட்ட முடிகிறது என்பதற்காகவே, பேரூரில் கோயில் கச்சேரி என்றால் இரண்டு மாணவர்களை உடன் அழைத்துச் செல்கிறேன்.

பாதகம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் மார்கழிக் கச்சேரிக்குக் கேட்ட விடுப்பைத் தேர்வுப் பணியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். சென்னையில் ஒத்துக்கொண்ட கச்சேரியைக் கடைசி நேரத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அந்தப் பாடகர் அடுத்த நான்கு ஆண்டுகள் என்னை அழைக்கவில்லை. அதைவிட வலித்தது, விடைத்தாள், தணிக்கைக் கோப்பு, கருத்தரங்கு என்று ஒரு பருவம் முழுக்க அன்றாட வாசிப்புப் பயிற்சியான சாதகம் இல்லாமல் போனதுதான். அதன்பிறகு காலை நாலரை முதல் ஆறரை வரையிலான சாதக நேரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்தேன், இன்றுவரை அப்படித்தான்.

எனவே உங்கள் மகளைப் பற்றி முடிவாகச் சொல்ல எனக்கு ஒரு விவரம் தேவை. கல்லூரித் தேர்வு நடக்கும் வாரங்களிலும் அவர் வயலினை எடுக்கிறாரா? எடுக்கிறார் என்றால் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.