நாலு பாக்கெட் பவுடரும் நடுராத்திரி கேரட் லோடும்

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: டாக்டர், என் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். அண்ணனுக்கு 45 வயது, ஐந்தடி ஆறு அங்குலம் உயரம், 104 கிலோ இருந்தார். மூணு வருஷமாக சுகர், கூடவே பிரஷர். போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "இனி 12 வாரத்துக்குச் சோறு கிடையாது, இதுதான்" என்று ஒரு பெட்டி நிறைய பவுடர் பாக்கெட்டை இறக்கி வைத்தார். தினம் நாலு பாக்கெட் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார், மொத்தமே 800 கலோரிக்குள்தானாம். 18 நாளில் 7 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எப்போதும் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு கரி அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எழுந்தால் தலை சுற்றுகிறது. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறார். அம்மா தினமும் அழுகிறார், அவருக்குத் தெரியாமல் அந்தப் பவுடரில் ஒரு கரண்டி சோற்றுக் கஞ்சியைக் கலந்துவிடுகிறார். மாத்திரை எல்லாம் பழையபடியே போடுகிறார். ராத்திரி இரண்டு மணிக்குக் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறார், வண்டி ஓட்டுவது அவர்தான். இதை நிறுத்தச் சொல்லலாமா?

- கோத்தகிரி வாசகி

பதில்: சகோதரி, உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன், ஏனென்றால் இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. உங்கள் அம்மா பவுடரைப் பார்த்து அழுகிறார். எனக்குப் பவுடரை விட உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கிற இரண்டு வரிதான் பயமாக இருக்கிறது: மாத்திரை பழையபடியே, ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி.

மூணு வேளையும் சாப்பிட்ட மனுஷனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த மாத்திரைகள் அவை. இப்போது உள்ளே போவது பழைய சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கிளிமிப்பிரைடு மாதிரி மாத்திரை, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போனால் வேர்க்கும், கை நடுங்கும், கண் மங்கும், அதற்கும் கீழே போனால் புத்தி தடுமாறும். வீட்டில் என்றால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் சரியாகும். பனிமூட்டத்தில், பின்னால் முழு லோடு இருக்க, வளைவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது வந்தால்? மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று வரும் மாத்திரைகளில் வேறு ஆபத்து, சாப்பாடு மிகக் குறைந்த உடம்பில் அவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடலாம், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காமலே அது நடக்கும் என்பதுதான் மோசம். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். முதல் சில வாரத்தில் உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் நிறைய வெளியேறுவதால் பிரஷர் தானாகவே இறங்கும், அதன் மேல் மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றத்தான் செய்யும். என்னிடம் வந்த ஒரு டீ ஃபேக்டரி தொழிலாளிக்கு உட்கார்ந்திருக்கும்போது பிரஷர் 118. எழுந்து நில்லுங்கள் என்றேன், நின்றவர் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், மறுபடி பார்த்தால் 90.

ஆகவே இன்றைக்கே, அடுத்த மாத்திரையைக் கையில் எடுக்கும் முன்னால், அந்தக் கோயம்புத்தூர் டாக்டருக்குப் போன் செய்து ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் படித்துக் காட்டுங்கள். அவர் கொடுத்த சீட்டையும் எடுத்துப் பாருங்கள், எதை நிறுத்த வேண்டும் எதைக் குறைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கலாம், பவுடர் பெட்டி கவனத்தில் அண்ணன் அதை விட்டிருக்கலாம். தலைசுற்றல் நின்று, மாத்திரை சரியாகி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங் வேறு கையில் இருக்கட்டும். லோடுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அப்புறம் ஓட்ட ஆரம்பித்தாலும் ஏறும் முன் ஒரு சொட்டு ரத்தம் மீட்டரில் பார்த்துவிட்டே ஏற வேண்டும், சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ இருக்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் மூணு டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "டயட் கெட்டுப்போகும்" என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது.

சரி, இனி பவுடருக்கு வருகிறேன். இது பட்டினி போட்டு ஆளை வாட்டுகிற வைத்தியம் இல்லை. ஈரலிலும் கணையத்திலும் ஏறிய கொழுப்பு கரைந்தால், சுகர் வந்து சில வருஷமே ஆனவர்களில் பலருக்குக் கணையம் மறுபடி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் என்ற பேராசிரியர் காட்டினார். பிறகு ஸ்காட்லாந்திலும், நியூகாசிலைச் சுற்றியுள்ள டைன்சைடிலும் சாதாரண டாக்டர்களின் கிளினிக்குகளிலேயே செய்து பார்த்த டைரக்ட் என்ற ஆய்வு 2017ல் வெளியானது. சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களுக்கு, தினம் 825 முதல் 853 கலோரி வரை, மூணு மாதத்திலிருந்து ஐந்து மாதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது 100க்கு 46 பேருக்கு மாத்திரையே இல்லாமல் சுகர் கட்டுக்குள் இருந்தது, 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 100க்கு 86 பேருக்கு. அந்த ஆய்வில் சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் முதல் நாளே நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள், பிரஷர் மறுபடி ஏறினால்தான் திரும்பக் கொடுத்தார்கள். உங்கள் அண்ணனுக்கு மூணு வருஷ சுகர், 45 வயது. நல்ல நேரத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார். நிறுத்தச் சொல்லாதீர்கள். மாத்திரையைச் சரிசெய்து, தொடரச் சொல்லுங்கள்.

18 நாளில் 7 கிலோ என்பதில் மிரள ஒன்றும் இல்லை, முதல் வாரத்தில் போவதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். சதை போய்விடுமா என்றால் எப்படி இளைத்தாலும் கொஞ்சம் போகும், அதைக் குறைக்கத்தான் பாக்கெட்டில் புரதம் அளந்து வைத்திருக்கிறார்கள், தினம் நடந்தால் இன்னும் நல்லது. இரண்டு மூணு மாதம் கழித்து முடி கொட்டலாம், திரும்ப முளைத்துவிடும், அப்போது பதறி இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். மலச்சிக்கல் ஏன் என்றால் சோறும் காயும் இல்லாத வயிற்றில் சக்கையே இல்லை, அதோடு நம் மலைக் குளிரில் யாருக்கும் தாகம் எடுக்காது. தினம் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் வெந்நீர் போக வேண்டும், போதவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு இசப்கோல் சேர்க்கலாம்.

குளிர்வது உண்மை, நடிப்பு இல்லை. சாப்பாடு குறைந்தால் உடம்பு தன் அடுப்பைத் தணித்துக்கொள்ளும். கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு அந்தக் குளிர் தெரியக்கூடத் தெரியாது, நீலகிரியில் மார்கழிப் பனியில் எலும்பு வரை இறங்கும். குல்லா, காலுறை, வெந்நீர்ப் பை, பாலும் சர்க்கரையும் போடாத சூடான டீ எல்லாம் சரி. கரி அடுப்பை மட்டும் சாத்திய அறைக்குள் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலைவலியும் தலைசுற்றலும்தான் முதல் அடையாளம், தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள், மலையில் குளிர்காலத்தில் இப்படிக் குடும்பமே போனது உண்டு. உங்கள் அண்ணனின் தலைசுற்றலில் அதற்கும் ஒரு பங்கு இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அம்மாவைத் திட்டாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் எந்த அம்மாவுக்குத்தான் தாங்கும்? ஆனால் அந்த ஒரு கரண்டி கஞ்சி என்ன செய்கிறது என்று அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். சில நாள் போனதும் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகும், பசி பெரும்பாலும் அடங்கிவிடும், கஞ்சி உள்ளே போகப் போக அந்தப் பசி மறுபடி எழும். பிள்ளைக்குச் சோறு கொடுப்பதாக நினைத்துப் பசியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மீட்டரில் வரும் அளவும் குழம்பும், டாக்டர் அதை வைத்துத்தானே மாத்திரையைத் தீர்மானிக்கிறார். கஞ்சிக்குப் பதில் அவருக்கு வேறு வேலை கொடுங்கள், பாக்கெட்டைச் சூடாகக் கலக்கிக் கொடுப்பது, பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி வைப்பது, நோட்டில் காலைச் சர்க்கரையும் எடையும் எழுதுவது.

வலது விலாவுக்குக் கீழே விட்டுவிட்டு வலி, கூடவே காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தால் பித்தப்பையில் கல்லாக இருக்கலாம், வேகமாக இளைக்கிறவர்களுக்கு வருவது உண்டு. கால் கட்டைவிரல் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலம். இரண்டையும் டாக்டர் உடனே பார்க்க வேண்டும். நெஞ்சு படபடத்து மயங்கினால், வாந்தி நிற்காவிட்டால், பேச்சு குழறினால் 108தான், கோயம்புத்தூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மழை நாளில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அங்கே போகவே முடியாது, ஆகவே உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் இப்போதே விவரத்தைச் சொல்லி, அந்தச் சீட்டின் ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது ஏற்கெனவே விழித்திரை கெட்டிருந்தால் இன்னும் கெடலாம்.

12 வாரம் முடிகிற நாள்தான் குடும்பம் உஷாராக இருக்க வேண்டிய நாள். அன்றைக்கு விருந்து வைக்காதீர்கள். ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு ஒரு வேளைச் சாப்பாடு, சில நாள் கழித்து இன்னொன்று, இப்படிச் சில வாரத்தில்தான் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். அவரைக்காய், பீன்ஸ், கீரை, முட்டை, பருப்பு முதலில், சோறு ஒரு சின்னக் கிண்ணம், டீயோடு தினமும் தின்கிற வர்க்கிக்கு அப்போதும் அவசரம் இல்லை. இரண்டு கிலோ ஏறினாலே டாக்டரிடம் போக வேண்டும், பத்து ஏறட்டும் என்று இருக்கக் கூடாது.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, சுகரும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் இளைத்ததைப் பார்த்துவிட்டு, கடையில் விற்கும் புரோட்டீன் பவுடரை வாங்கி, டாக்டர் எதற்கு என்று தானே மூணு வேளையும் அதையே குடிக்க ஆரம்பித்திருக்கிறார். குடிக்கலாமா?

- கொடைக்கானல் வாசகர்

பதில்: வேண்டாம், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கடைப் பவுடர் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளச் செய்தது, சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, பொட்டாசியம் மெக்னீசியம் எல்லாம் உடம்புக்கு வேண்டிய அளவு அதில் இருக்காது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டும் குடித்து இளைக்கிற மோகம் ஒன்று வந்தது, மாட்டுத்தோல் போன்றவற்றிலிருந்து எடுத்த மட்டமான புரதம், அதைக் குடித்தவர்களில் சுமார் 60 பேர் இறந்துபோனார்கள், பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகித்தான் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் இந்த வைத்தியத்தில் தாது உப்புகளும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம் ஆயின. உங்கள் அம்மாவின் வயதுக்கும் சிறுநீரகத்துக்கும், டாக்டர் கூடவே இருந்தாலும் மிகவும் யோசித்துத்தான் கொடுப்பார்கள். புரதம் எவ்வளவு என்பதே சிறுநீரக நோயாளிக்கு அளந்து சொல்ல வேண்டிய விஷயம். பவுடர் டப்பாவையும் அம்மா போடும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு, இந்த வாரத்துக்குள் அவருடைய சிறுநீரக டாக்டரைப் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.