ஏர்லிஆன் மையத்தில் மகன் வாயே திறப்பதில்லை: வீட்டில் ஆங்கிலம் பேசலாமா?

வீட்டில் தமிழை நிறுத்தவே வேண்டாம். கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதம், பெற்றோரும் சிறு பிள்ளைகளும் சேர்ந்து போகும் ஏர்லிஆன் மையத்தில் மூன்று வயது மகன் பேசுவதில்லை என்கிறீர்கள். நீங்கள் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்துக்கு மாறினால் அவனோடு கதைப்பதே குறைந்துவிடும். அதுதான் பெரிய இழப்பு.

பெரும்பாலும் இது புது மொழிக்குள் வரும் பிள்ளைகளின் மௌன காலம். சில மாதம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அப்புறம்தான் பேச்சு வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் தமிழில் மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறானா? "செருப்பை எடுத்து அப்பாவிடம் கொடு" என்றால், நீங்கள் கை காட்டாமலே செய்கிறானா? செய்தால் பயம் வேண்டாம். மையத்து ஆங்கிலப் புத்தகத்தையும் எழுத்தை விட்டு, படத்தைக் காட்டித் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, அவன் ஏதாவது சொல்லும்வரை பொறுங்கள்.

தமிழிலும் அப்படிப் பேச்சு இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் சோதனை. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சிறு பிள்ளைகளுக்கான பேச்சு, மொழிச் சேவை இலவசம். மருத்துவர் கடிதம் இல்லாமல் நீங்களே பதியலாம். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று அப்போதே கேளுங்கள். அந்தச் சேவை பள்ளி தொடங்கும் வரைதான். நாலு வயதாகும் ஆண்டு செப்டம்பரிலேயே பள்ளியின் தொடக்க வகுப்பான ஜூனியர் கிண்டர்கார்டன் வந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.