விக்டோரியன் கேமுக்கு ஆள் கிடைக்கலையா? ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் கூப்பிட்டுப் பாருங்க

வாசகர் கேள்வி: ஃப்ரெண்ட்ஸோட ரொம்ப நாளா டி அண்ட் டி (ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தற ரோல்-பிளேயிங் கேம்) ஆடிட்டிருக்கேன். இப்போ அதே வகையில, விக்டோரியா ராணி காலத்துல நடக்கற ஸ்பேஸ் 1889 கேமை ஆன்லைன்ல நானே ஜிஎம்மா, அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்தற ஆளா, இருந்து நடத்தணும்னு ஆசை, புக்கும் முழுசா படிச்சாச்சு. "விக்டோரியன் அட்வென்சர் கேம்பெய்ன், வாராவாரம் சனிக்கிழமை, யாருக்கு இன்ட்ரஸ்ட்?"னு ரெண்டு மூணு டிஸ்கார்ட் சர்வர்ல போட்டேன். ஹார்ட் நிறைய விழுந்துச்சு, பேச வந்தது ரெண்டே பேர், அதுல ஒருத்தர் முதல் நாளே காணோம். எல்லாருக்கும் டிராகன்தான் வேணுமா? அப்புறம், நாம போய் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய காலத்தை ஜாலியா ஆடலாமான்னு ஒரு தயக்கமும் இருக்கு.

பதில்: டிராகன் மேல பழி போடாதீங்க. உங்க அறிவிப்பை முன்பின் தெரியாத ஒருத்தரா இருந்து படிச்சுப் பாருங்க. முடிவே தெரியாத வாராவார சனிக்கிழமை, தெரியாத ரூல்ஸ், ஸ்கூல்ல ஹிஸ்டரி பீரியட்ல தூங்கினவங்களுக்குப் பயம் குடுக்கற ஒரு காலகட்டம், இது மூணுக்கும் ஒரே நேரத்துல சரின்னு சொல்லச் சொல்றீங்க. ஹார்ட் போடறதுக்குக் காசா பணமா, போட்டுட்டுப் போயிடுவாங்க. அதனால பல வாரம் தொடர்ந்து ஓடற கதைன்னு அர்த்தம் தர்ற கேம்பெய்ன்ங்கற வார்த்தையையே முதல்ல எடுத்துடுங்க. ஒன்-ஷாட், மூணு மணி நேரம், கேரக்டர் ரெடி, ரூல்ஸ் தெரிய வேண்டாம், அன்னிக்கே கதை முடிஞ்சிடும், இப்படிக் கூப்பிடுங்க. புது கேமுக்கு ஆள் சேர்க்கறதுல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அடுத்தது, விக்டோரியன்னு மட்டும் சொன்னா அது ஒரு கதையே இல்லை. 1837லேர்ந்து 1901 வரைக்கும் 63 வருஷத்துக்கு மேல ஓடின காலம் அது, ஒருத்தருக்கு பனிமூட்டமும் கொலைகாரனும் ஞாபகம் வரும், இன்னொருத்தருக்கு பால்ரூம் டான்ஸ், மூணாவது ஆளுக்குப் பல்சக்கரம் ஒட்டின தொப்பி, இவங்க மூணு பேரும் வேற வேற கேமை எதிர்பார்த்து ஒரே டேபிளுக்கு வருவாங்க. ஸ்பேஸ் 1889ல இது இன்னும் சிக்கல், ஏன்னா ஃபிராங்க் சாட்விக் 1988ல ஜிடிடபிள்யூ கம்பெனி மூலமா கொண்டு வந்த அந்த உலகம் அவ்வளவு பெருசு. அந்தக் கதையில எடிசன் 1870லயே ஈதர் ப்ரொப்பெல்லர்ங்கற, விண்வெளியில கப்பலை ஓட்டற கற்பனை மெஷினை வெச்சு செவ்வாய்க்குப் போயிட்டாரு, அங்க கால்வாய் ஓரமா பழைய நகரங்கள், காத்துல மிதக்கற மரத்துல செஞ்ச கப்பல், வீனஸ்ல டைனோசர்னு போயிட்டே இருக்கும். நீங்க இதுல மூழ்கிக் கிடக்கறீங்க, அதனால எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லத் தோணும், ஆனா புதுசா வர்றவருக்கு அது பாடம் எடுக்கற மாதிரிதான் கேக்கும். ஒரே ஒரு சம்பவத்தைக் குடுங்க, உலகம் தானா பின்னாடி வரும்.

அந்தக் காலத்துலயே அதுக்கு அசல் சம்பவம் கொட்டிக் கிடக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணைச் சொல்றேன். லண்டன்ல தேம்ஸ் கரையில கிளியோபாட்ரா ஊசின்னு ஒரு எகிப்து கல் தூண் நிக்குது, 21 மீட்டர் உயரம், 200 டன்னுக்கு மேல எடை. 1819ல முகமது அலி பாஷா பிரிட்டனுக்குக் குடுத்த பரிசு, ஆனா கொண்டு வர்ற செலவை யாரும் ஏத்துக்காம பல பத்து வருஷம் அலெக்ஸாண்டிரியாவுலயே கிடந்துச்சு, கடைசியில எராஸ்மஸ் வில்சன்னு ஒரு தோல் டாக்டர் தன் பணத்தைப் போட்டாரு, ஜான் டிக்சன்னு ஒரு இன்ஜினியர் தூணைச் சுத்தி ஒரு ராட்சச இரும்பு உருளையைச் செஞ்சு அதையே கப்பலா மிதக்க விட்டாரு. ஓல்காங்கற நீராவிக் கப்பல் அதை இழுத்துட்டுப் போச்சு. 1877 அக்டோபர் 14, பிஸ்கே விரிகுடாவுல புயல். உருளையில இருந்தவங்களைக் காப்பாத்தப் போன ஓல்காவோட ஆறு மாலுமிங்க கடல்ல போயிட்டாங்க, அவங்க பேரு இன்னிக்கும் தூணோட அடிப்பீடத்துல இருக்கு. அப்புறம் எப்படியோ உருளை ஆளுங்களை இறக்கிட்டு இழுவைக் கயித்தையும் விட்டுட்டாங்க, தேடிப் பாத்தும் காணோம், மூழ்கிடுச்சுன்னே நினைச்சுட்டாங்க. ஆனா அது மூழ்கல, யாருமே இல்லாம தன்னால மிதந்துட்டிருந்துச்சு, சில நாள் கழிச்சு ஃபிட்ஸ்மாரிஸ்னு ஒரு கப்பல் கண்ணுல பட்டு ஸ்பெயின்ல ஃபெரோல் துறைமுகத்துக்கு இழுத்துட்டுப் போனாங்க, லண்டன் வந்து சேர்ந்தது 1878 ஜனவரியில. அதே 1877லதான் மிலான்ல ஸ்கியாப்பரெல்லி டெலஸ்கோப்ல செவ்வாயைப் பாத்து கோடு கோடா வரைஞ்சிட்டிருந்தாரு, கால்வாய்ங்கற பேச்செல்லாம் கிளம்பினது அதுலேர்ந்துதான். உங்க கேமுக்குன்னே நடந்த மாதிரி இல்லையா?

இப்போ அறிவிப்பை எழுதிப் பாப்போம். "1877 அக்டோபர், பிஸ்கே விரிகுடா. புயல்ல தொலைஞ்சு போன இரும்பு உருளை ஒண்ணு ஆளில்லாம மிதக்குது. உள்ள எகிப்திலேர்ந்து வந்த கல் தூண். உங்க நாலு பேரையும் ஒரு சின்னப் படகுல அனுப்பி அதுமேல ஏறிப் பாக்கச் சொல்றாங்க. கதவு வெளிப்பக்கமா பூட்டியிருக்கு. உள்ளேர்ந்து யாரோ தட்டறாங்க. ஒரே ராத்திரி கதை, 3 மணி நேரம், கேரக்டர் ரெடியா இருக்கு, இதுக்கு முன்னாடி எதுவும் ஆடியிருக்க வேண்டாம்." இவ்வளவு போதும். இதைப் படிக்கறவருக்கு யாரு, எங்க, உக்காந்த உடனே என்ன செய்யப் போறோம்னு தெரிஞ்சிடுது, உள்ள யாருங்கற குறுகுறுப்பும் ஒட்டிக்குது. தட்டறது யாருன்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க, செவ்வாய்லேர்ந்து வந்த ஏதோ ஒண்ணா இருந்தா கேமோட உலகத்துக்கு அதுவே வாசல்.

ரூல்ஸ் பத்தி ஒரு வரி கட்டாயம் போடுங்க, ஏன்னா ஸ்பேஸ் 1889 ஒரே ரூல்ஸ் இல்லை. பழைய ஒரிஜினல் இருக்கு, பல கேமுக்குப் பொதுவான சேவேஜ் வேர்ல்ட்ஸ் ரூல்ஸ்ல ஒண்ணு வந்துச்சு, யுபிக்விட்டி ரூல்ஸ்ல இன்னொண்ணு. சேவேஜ் வேர்ல்ட்ஸ் தெரிஞ்ச ஆளுங்க அந்தப் பேரைப் பாத்தே வருவாங்க. முழுக்கப் புது ஆளுங்கன்னா என் ஓட்டு யுபிக்விட்டிக்கு, உருட்டற டைஸ்ல எத்தனை இரட்டைப்படை விழுதோ அத்தனை வெற்றி, ஒரு நிமிஷத்துல சொல்லிக் குடுத்துடலாம்.

இப்போ உங்க தயக்கத்துக்கு வரேன், உங்க கேள்வியில முக்கியமான பகுதியே அதுதான்னு நினைக்கறேன். தயங்கறது நியாயம். 1877 ஜனவரி 1ல டெல்லியில தர்பார் வெச்சு விக்டோரியாவை இந்தியாவோட சக்கரவர்த்தினின்னு அறிவிச்சாங்க, அதே நேரம் மெட்ராஸ் மாகாணத்துல 1876லேர்ந்து 78 வரைக்குமான பெரும் பஞ்சத்துல ஜனங்க லட்சக்கணக்குல செத்துட்டிருந்தாங்க, தாது வருஷப் பஞ்சம்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. இதெல்லாம் நடக்காத மாதிரி தொப்பியும் டீ கோப்பையுமா ஆடினா எனக்கே உள்ள உறுத்தும். அதுக்காக அந்தக் காலத்தையே விட்டுட வேண்டாம், யாரோட கண்ணால பாக்கறோம்ங்கறதை மாத்தினாப் போதும். அப்போ லண்டன் துறைமுகத்துல லாஸ்கர்னு சொல்ற நம்ம பக்கத்து மாலுமிங்க நிறைய இருந்தாங்க, அவங்க தங்கறதுக்குன்னே லைம்ஹவுஸ்ல 1857ல ஒரு விடுதி திறந்தாங்க. தாதாபாய் நௌரோஜி அதுக்கு முன்னாடியே லண்டன்ல இந்தியாவுக்காகப் பேசிட்டிருந்தவரு, 1892ல ஃபின்ஸ்பரி தொகுதியில ஜெயிச்சு பார்லிமென்ட்டுக்கே போனாரு. பொண்ணுங்க டாக்டரா பதிவு பண்ணிக்க வழி விட்டது 1876 சட்டம், அப்போ 1877ல ஒரு பெண் டாக்டர் கேரக்டர் கற்பனைகூட இல்லை, அந்த வருஷத்துக் கொதிக்கற செய்தி.

ஆக இந்த ஒன்-ஷாட்டுக்கு நாலு கேரக்டர் நான் செஞ்சா இப்படித்தான் செய்வேன்: கயிறும் கடலும் தெரிஞ்ச ஒரு லாஸ்கர் சராங் (மாலுமிகளோட தலைவர்), புதுசா பட்டம் வாங்கின ஒரு பெண் டாக்டர், டிக்சன் கம்பெனியில அந்த உருளைக்கு ஆணி அடிச்ச ஒரு பாய்லர் மெக்கானிக், கெய்ரோவுலேர்ந்து தூணைத் தேடி வர்ற ஒரு எகிப்து அறிஞர், அந்தத் தூண் யாருக்குச் சொந்தம்னு கேக்கற ஆளு டேபிள்லயே இருக்கட்டும். ஒவ்வொருத்தருக்கும் நாலு வரி, அதுல ஒரு வரி அவங்களுக்கு இந்த உருளைக்குள்ள என்ன வேணும்ங்கறது. அந்த நாலையும் அறிவிப்போடயே போட்டுடுங்க. "சராங் எனக்கு"ன்னு ஒருத்தர் எழுதிட்டாருன்னா அவரு கிட்டத்தட்ட வந்தாச்சு, வெறும் ஹார்ட் போட்டவரை நம்பாதீங்க.

இனவெறி, அடிமைத்தனம், குழந்தைத் தொழிலாளி இதெல்லாம் அந்தக் காலத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கு, அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்கி எது கதையில வேண்டவே வேண்டாம், எது நடந்தாலும் விவரிக்காம தாண்டிடலாம்னு கேட்டு வெச்சுக்கோங்க. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கின எக்ஸ் கார்டு ஆன்லைன்லயும் நல்லா வேலை செய்யும், சாட்ல ஒரு எக்ஸ் எழுதினா ஏன்னு கேக்காம அந்தக் காட்சியை விட்டுடணும். முன்பின் தெரியாதவங்க வர்ற டேபிள்ல இது இல்லாம நான் ஆடச் சொல்ல மாட்டேன், முக்கியமா பொண்ணுங்க ஒரு தடவை சங்கடப்பட்டுப் போனா திரும்ப வரவே மாட்டாங்க.

எங்க தேடறதுன்னா, ரெடிட்ல எல்எஃப்ஜின்னு ஆட குரூப் தேடறவங்களுக்கான பகுதி இருக்கு, இந்த கேம்களை ஆன்லைன்ல ஆடற ரோல்20 தளத்துலயே ஆள் தேடற இடம் இருக்கு, டிஸ்கார்ட்ல உங்க ரூல்ஸுக்குன்னே இருக்கற சர்வர்கள் இருக்கு, போடுங்க. ஆனா முதல் ரெண்டு சீட்டை அறிவிப்புல நிரப்ப நினைக்காதீங்க. உங்க டி அண்ட் டி குரூப்ல புதிர் பிடிச்சவரு ஒருத்தர் இருப்பாரு, குரல் மாத்திப் பேசறவங்க ஒருத்தர் இருப்பாங்க, அவங்களுக்குத் தனியா மெசேஜ் போட்டு "இந்த டாக்டர் கேரக்டரை எழுதும்போது உங்களைத்தான் நினைச்சேன், அந்த ஒரு ராத்திரி வர முடியுமா?"ன்னு கேளுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா வர்றவங்க பொதுவா கூப்பிட்டா வர மாட்டாங்க. ரெண்டு பேர் உறுதியானப்புறம் "ரெண்டு சீட் பாக்கி"ன்னு போடற அறிவிப்புக்கு வர்ற பதிலே வேற மாதிரி இருக்கும், ஏன்னா காலி ரூமுக்குள்ள முதல்ல நுழைய யாருக்கும் பிடிக்காது.

தேதியும் நேரமும் நீங்களே ஒண்ணு வெச்சுடுங்க. எப்போ வசதின்னு எல்லாரையும் கேட்டுட்டிருந்தா தை மாசம் ஆரம்பிச்சு ஆடி வந்துடும். நம்ம ஊர் ராத்திரி 9 மணின்னா துபாய்ல ஏழரை, சிங்கப்பூர்ல பதினொன்றரை, லண்டன்ல கோடையில சாயங்காலம் நாலரை, குளிர்காலத்துல மூணரை, வெளிநாட்டு ஆளுங்க வந்தா இந்தக் கடிகார மாத்தத்தைக் கவனிங்க, பிரிட்டனும் அமெரிக்காவும் வேற வேற தேதியில மாத்தறாங்க. டிஸ்கார்ட்ல டைம்ஸ்டாம்ப் போட்டீங்கன்னா அவங்கவங்க ஊர் நேரத்துலயே தெரியும், குழப்பம் தீர்ந்துச்சு.

நாலு பேருக்குக் கதை எழுதி அஞ்சு பேரை எடுங்க, அஞ்சாவதுக்கு ஒரு கேரக்டர் கைவசம் இருக்கட்டும். மூணு பேர் வந்தாலும் நடத்துவேன்னு முன்னாடியே சொல்லிடுங்க, வந்தவங்களைத் திருப்பி அனுப்பற ஜிஎம் கிட்ட மறுபடி யாரும் வர மாட்டாங்க. அஞ்சுக்கு மேல வேண்டாம், வாய்ஸ் கால்ல ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்க வந்து ரெண்டு பேரும் நிறுத்திடுவாங்க, கூச்சப்படறவங்க அப்படியே மௌனமாயிடுவாங்க. ரெண்டு நாள் முன்னாடி ஒரு மெசேஜ், அன்னிக்குக் காலையில ஒண்ணு. அதுக்கும் முன்னாடி ஒவ்வொருத்தரோடயும் பத்து நிமிஷம் கால்ல பேசிட்டீங்கன்னா மைக் சோதனையும் ஆச்சு, ஆள் எப்படின்னும் தெரிஞ்சுது, வராம போறதும் குறையும், குரல் கேட்ட ஆளை ஏமாத்த மனசு வராது. மேப், டோக்கன், லைட்டிங்னு ஃபவுண்ட்ரி மாதிரி ஆன்லைன் டேபிள் சாஃப்ட்வேர்ல உக்காந்து நாள் கணக்கா செய்யாதீங்க, முதல் ஆட்டத்துக்கு டிஸ்கார்ட் வாய்ஸ், சாட்லயே டைஸ் உருட்டிக் குடுக்கற ஒரு பாட், அந்த இரும்பு உருளையோட அக்காலத்துப் படம் ஒண்ணு, போதும்.

அன்னிக்கு உக்காந்ததும் ஈதர் பத்தியோ 1870 பத்தியோ முன்னுரை பேசாதீங்க. படகு ஆடுது, உருளை மேல கால் வழுக்குது, சராங் நீங்க கயித்தைப் பிடிச்சிருக்கீங்க, உள்ள தட்டற சத்தம் நின்னு போச்சு, என்ன செய்யறீங்க? அங்கேர்ந்து ஆரம்பிங்க. முடிஞ்சதும் சூடு ஆறறதுக்குள்ள, கால் கட் பண்றதுக்கு முன்னாடியே, அடுத்த தேதி ஒண்ணைச் சொல்லி "உருளை ஃபெரோல் துறைமுகம் போற கதை அன்னிக்கு, இதே கேரக்டர், யாரு வர்றீங்க?"ன்னு கேளுங்க. ரெண்டு பேர் சரின்னாலும் ரெண்டு சீட்டுக்கு மறுபடி அறிவிப்பு போடுங்க, இந்தத் தடவை ஆடினவங்களே அவங்க ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டு வர வாய்ப்பு ஜாஸ்தி.