சூலூரில் நின்ற ‘கப்பல்’

கேள்வி: போர்க்காலத்தில் சூலூரில் வெள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்று இருந்ததாகவும், அங்கே விமானிகளுக்குப் பயிற்சி நடந்ததாகவும் என் தாத்தா சொல்வார். சூலூருக்கும் கடலுக்கும் வெகுதூரம். அவர் சொன்னதில் உண்மை உண்டா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: உங்கள் தாத்தா சொன்னது உண்மைதான். இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டான 1945-இல், கோவையை அடுத்த சூலூர் விமானத்தளம் பிரிட்டிஷ் கடற்படையின் பொறுப்பில் இருந்தபோது, அதன் பெயர் ‘எச்.எம்.எஸ். வைரி’. எச்.எம்.எஸ். என்பது பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் பெயருக்கு முன் வரும் அடைமொழி. கடற்படையினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு கப்பலின் பேரேட்டில் இருந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆதலால் தரையிலுள்ள தளங்களும் கணக்கில் கப்பல்களாயின. தளத்தின் வாயிலைத் தாண்டி ஊருக்குள் போவதைக்கூடக் ‘கரையிறங்குதல்’ என்றே அவர்கள் சொல்வது வழக்கம்.

விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கையில் விமானங்களை இயக்க முடியாது என்பதால், கரை நெருங்கும்போதே அவற்றைத் தரைத்தளங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். பழக்கம் விட்டுப்போகாதிருக்க அங்கே பயிற்சி தொடரும். அத்தகைய தளங்களில் ஓடுபாதையின் ஒரு பகுதியையே கப்பலின் மேல்தளமாகப் பாவிப்பார்கள். அதன் இடது ஓரத்தில் இரு கைகளிலும் மட்டை ஏந்தி ஒருவர் நிற்க, அவருடைய கையசைவை நம்பியே விமானி இறங்குவார். சக்கரம் தரையைத் தொட்டதும் மீண்டும் எழும்பி, வட்டமிட்டு வந்து, மறுபடியும் இறங்குவார்.

என்னை நெகிழச் செய்வது அந்தப் பெயர்கள். கடற்படை விமானத்தளங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டுவது பிரிட்டிஷ் மரபு. நம் பகுதியில் அதற்கு நம் பெயர்களையே தேர்ந்தெடுத்தார்கள். தாம்பரம் ‘வல்லூறு’, கொச்சி ‘கழுகு’, 1942-இல் கோவையில் தொடங்கிய விமானப் பழுதுபார்ப்பு நிலையம் ‘கருடா’. ஆங்கில எழுத்தில் நம் ழகரம் நிற்கவில்லை. கழுகு ‘கலுகு’ ஆனது. வைரி என்றதும் இன்று பகைவன் என்ற பொருளே நினைவுக்கு வருகிறது. வல்லூற்றுக்கும் அப்பெயர் உண்டு.

போர் முடிந்தபின் 1946-இல் வைரி கலைக்கப்பட்டது. சூலூர் இப்போது இந்திய விமானப்படையின் தளம்; 2018 முதல் தேஜஸ் போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவின் விமானத்தளமோ (முன்னாள் ‘கழுகு’), 1953 மே 11 அன்று ‘ஐ.என்.எஸ். கருடா’ ஆகி, நம் கடற்படை விமானிகளுக்குத் தாய்வீடாயிற்று.

அந்நாட்களைப் பற்றி உங்கள் தாத்தா வேறு ஏதேனும் சொல்லியிருந்தால், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.