செரமைட் கிறீம் பூசியும் தோல் வறட்சி குறையாதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 56. வசிப்பது யாழ்ப்பாணம் கோப்பாயில். சில மாதங்களாகக் கெண்டைக்கால் தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது. இரவில் கடி தாங்க முடியவில்லை. கனடாவிலுள்ள மகள் அனுப்பிய செரமைட் கிறீமைக் காலையில் வீட்டு வேலைகள் முடிந்த பின் பூசுகிறேன். பெரிதாகக் குணமில்லை. தொடர்ந்து பூசலாமா?

பதில்: தொடர்ந்து பூசுங்கள் அம்மா. ஆனால், குளிக்கும் முறையையும் பூசும் நேரத்தையும் மாற்றாவிட்டால் அந்தக் கிறீமால் அதிகம் பயன் கிடைக்காது.

தோலின் மேற்படையிலுள்ள கலங்களுக்கிடையே படலம் படலமாக அமைந்திருக்கும் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி செரமைட். கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களுமே மீதியில் முக்கியமானவை. வயது ஏறும்போதும், எக்சிமா என்னும் தோல் அழற்சி உள்ளவர்களிலும் செரமைட் குறைவதால், உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியேறித் தோல் வறண்டு கடிக்கத் தொடங்குகிறது. செரமைட் கிறீம் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். கொலஸ்திரோலும் கொழுப்பமிலமும் சேர்ந்த கிறீமாயின் இன்னும் நல்லது.

இனி, சவர்க்காரத்துக்கு வருவோம். சாதாரண சவர்க்காரக் கட்டியின் பீஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; கூடினால் காரம்) 9 முதல் 10 வரை இருக்கும். நலமான தோலினதோ 5 அளவில்தான். போதாக்குறைக்கு, நமது சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர் என்பதால், அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து, வாளியின் உட்புறத்தில் வெண்மையாய்ப் படிவதைப் போலவே தோலிலும் படிந்து எரிச்சலைக் கூட்டுகிறது. ஆகவே சவர்க்காரத்தை அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; கால்களைப் பீர்க்கம் நாரால் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். சுடுநீர் வேண்டாம், இளஞ்சூடு போதும்.

குளித்ததும் துவாயால் ஒற்றி, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடங்களுக்குள் கிறீமைப் பூசுங்கள். இரவிலும் ஒருமுறை பூசுங்கள். உலர்ந்த தோலில் பூசுவதால்தான் உங்களுக்குப் பலன் குறைவு என்று கருதுகிறேன். கிறீம் தீர்ந்துவிட்டால் மகளின் அடுத்த பொதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாமசியில் மலிவாகக் கிடைக்கும் வாசனையற்ற பெற்றோலியம் ஜெலியில் செரமைட் இல்லையெனினும், ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில் அது எதற்கும் சளைத்ததல்ல. பாமசியில் கேட்டு வாங்கும் ஸ்ரெரொயிட் கிறீம்களை மட்டும் மருத்துவ ஆலோசனையின்றித் தொடாதீர்கள்.

நான்கு வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டாலோ, தோல் வெடித்து நீர் கசிந்தாலோ, வீட்டில் வேறு எவருக்கும் கடி தொடங்கினாலோ நேரில் காட்டுங்கள்; வீட்டில் பலருக்குக் கடி என்றால் அது சொறியாகவும் இருக்கலாம். அப்போது நீரிழிவுக்கும் தைரொயிட்டுக்குமான இரத்தப் பரிசோதனைகளையும் செய்வித்துக்கொள்வது நல்லது.