டனீடின்ல எத்தனை நாள் தங்கலாம்?

கேள்வி: அக்கா வணக்கம். என் மக நியூசிலாந்துல டனீடின் ஊர்ல, ஒட்டாகோ யூனிவர்சிட்டில பல் டாக்டருக்கு படிச்சு முடிச்சிட்டா, டிசம்பர்ல பட்டமளிப்பு. நான், வீட்டுக்காரர், 73 வயசு மாமியார் மூணு பேரும் போறோம். இவரு டனீடின்ல ஒரு நாள் போதும், பட்டம் வாங்குன கையோட குயின்ஸ்டவுன் போயிடலாம்ங்கறாரு. மகளோ அல்பட்ராஸ், பெங்குவின் எல்லாம் பாக்காம போகக்கூடாதுன்னு அடம் பிடிக்கிறா. மாமியாருக்கு முட்டி வலி வேற. என்ன செய்யலாம்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, முதல்ல மகளுக்கு என் வாழ்த்த சொல்லுங்க. அந்த நாட்டுலயே பல் டாக்டருக்கு படிக்க அந்த ஒரு யூனிவர்சிட்டிதான், அதுல முடிச்சிருக்கான்னா சாதாரண விஷயம் இல்ல. மக சொல்றதுதான் சரி. நாலு ராத்திரி தங்குங்க, அதுல ரெண்டு சாயங்காலத்த ஒட்டாகோ தீபகற்பத்துக்குன்னே ஒதுக்கி வைங்க.

ஏன் ரெண்டுன்னா, அல்பட்ராஸ் காத்த நம்பி பறக்குற பறவை. ரெக்கைய விரிச்சா 3 மீட்டர் இருக்கும், காத்து இல்லாத நாள்ல அது பாட்டுக்கு உக்காந்துடும். என் மகன் அங்க படிக்கறப்ப நான் போயிருந்தேன், முதல் நாள் நல்ல வெயில், இலை கூட அசையல, முட்டை மேல உக்காந்திருந்த ரெண்டு பறவைய கண்ணாடி வழியா பாத்துட்டு வந்தோம். மறுநாள் தெற்குல இருந்து எலும்ப குத்துற காத்து, ஜாக்கெட்ட கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு கார் பார்க் பக்கம் நிக்கிறோம், நேரா தலைக்கு மேல ஒண்ணு போச்சு, ரெக்கை ஒரு தடவை கூட அடிக்கல, அதோட நிழல் எங்க மேல விழுந்து கடந்து போனது இன்னும் எனக்கு மறக்கல. அதனால காத்தடிக்கிற நாள்ல ரூம்ல படுத்துடாதீங்க, அன்னிக்குதான் போகணும்.

அந்த எடத்துக்கு பேரு தையரோவா முனை. மத்தபடி இந்த ராயல் அல்பட்ராஸ் ஒதுக்குப்புறமான தீவுகள்லதான் கூடு கட்டும், ஊரோட சேர்ந்த பெரிய நிலத்துல கட்டுறது இங்க மட்டும்தான். முன்னாடி முட்டைய ஜனங்களே எடுத்துடுவாங்களாம், நாய் பூனை தொல்லை வேற. ரிச்டேல்னு ஒரு வாத்தியார் அங்கயே கூடாரம் போட்டு கூட்டுக்கு காவல் இருந்தாரு, 1938லதான் முதல் குஞ்சு பறந்து போச்சு. நீங்க போற டிசம்பர்ல அப்பாவும் அம்மாவும் மாத்தி மாத்தி அடை காத்துக்கிட்டிருக்கும். குஞ்சு பொரிக்கிறது ஜனவரி கடைசி, பிப்ரவரி. அது செப்டம்பர்ல கடலுக்கு போனா நாலஞ்சு வருஷம் தரையே மிதிக்காது, அப்புறம் பொறந்த அதே முனைக்கு திரும்பி வரும். பிள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு இருந்தவ நான், கைடு அதை சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

அதே முனைக்கு கீழ பைலட்ஸ் பீச்ல இருட்டினதும் நீல பெங்குவின் கூட்டமா கரையேறும். உலகத்துலயே சின்ன பெங்குவின், ஒரு கிலோதான் இருக்கும். ஆனா ஒண்ணு, டிசம்பர்ல அங்க சூரியன் மறையவே ராத்திரி ஒம்பதரை ஆகும், பினாங்குல மாதிரி ஏழரைக்கு இருட்டாது. அதனால மத்தியானம் மாமியார படுத்து தூங்க விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டு கிளம்புங்க.

மாமியார் முட்டிக்கு வழி இருக்கு. அல்பட்ராஸ் பாக்குற கண்ணாடி அறைக்கு போற பாதை ஏத்தம், பீச்சுக்கு இறங்கவும் படி இருக்கு, ரெண்டும் அவங்களுக்கு கஷ்டம். படகுல போங்க, தையரோவா முனைய கடல்ல இருந்தே காட்டுவாங்க, உக்காந்த எடத்துல இருந்தே பாக்கலாம். ஊருக்குள்ள ரயில்வே ஸ்டேஷன் சமதரை, 1906ல கட்டினது, கருங்கல்லும் வெள்ளைக்கல்லும் கலந்து, தரை முழுக்க சின்ன சின்ன ஓடு பதிச்சிருக்கும். யூனிவர்சிட்டி மணிக்கூண்டு கட்டடமும் பக்கம்தான். யூனிவர்சிட்டி 1869ல ஆரம்பிச்சது, அந்த நாட்டுலயே பழசு. பால்ட்வின் தெரு, அந்த செங்குத்தான ரோடு, கீழ நின்னு போட்டோ எடுத்தா போதும்.

ஏர்போர்ட் விஷயம் முக்கியம். மகளுக்குன்னு கறிவேப்பிலை, மாங்கா, கருவாடுன்னு கட்டிட்டு போகாதீங்க. சாப்பாட்டு சாமான் எதுவா இருந்தாலும், முறுக்கு மசாலாத்தூளு கூட, அந்த நாட்டுக்குள்ள நுழையறப்ப குடுக்குற டிக்ளரேஷன்ல இருக்குன்னு எழுதிடுங்க, எழுதாம மாட்டுனா அங்கயே 400 டாலர் ஃபைன். சேறு ஒட்டின ஷூவையும் கழுவிட்டு போங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல என்.இசட்.இ.டி.ஏ.ங்கற பயண அனுமதிய எடுத்துக்குங்க. கார் ஓட்டுறதுன்னா லைசென்ஸ் இங்கிலீஷ்ல இல்லன்னா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், ஓட்டுறது இங்க மாதிரி இடது பக்கம்தான்.

கேள்வி: அக்டோபர்ல போனா டிக்கெட் மலிவா கிடைக்குது, அல்பட்ராஸ் பாக்க முடியுமா?
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: கூட்டுக்கு பக்கத்துல பாக்க முடியாதுங்க. முட்டை போடுற காலம்னு செப்டம்பர் நடுவுல இருந்து நவம்பர் கடைசி வரைக்கும் அல்பட்ராஸ் பாக்குற கண்ணாடி அறைய மூடிடுவாங்க. வானத்துல பறக்குறத வெளிய நின்னு பாக்கலாம். அதுக்கு சம்மதம்னா போங்க.

கேள்வி: டூருக்கு காசு குடுக்காம நாமளே பீச்சுக்கு போய் மஞ்சக்கண் பெங்குவின் பாக்கலாமா? பக்கத்துல நின்னு ஒரு செல்ஃபி ஆசை.
- வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மா, பக்கத்துல போற ஆசைய மட்டும் விட்டுடுங்க, கெஞ்சி கேக்குறேன். அவங்க 5 டாலர் நோட்டுல இருக்குற பறவை அது, ஹொய்ஹோன்னு மாவோரி பேரு, எண்ணிக்கை வருஷா வருஷம் குறைஞ்சிக்கிட்டே வருது. நாள் முழுக்க கடல்ல மீன் பிடிச்சு குஞ்சுக்கு வயித்துல நிரப்பிட்டு வரும், கரையில ஆள் நிக்கிறத பாத்தா ஏறாம தண்ணிலயே இருந்துடும், அங்க குஞ்சு பட்டினி. தண்ணிமலை பொட்டானிக்கல் கார்டன்ல குரங்குக்கு கச்சான் போட்டு போட்டு அது இப்ப பையப் புடுங்குற அளவுக்கு ஆயிடுச்சு இல்லையா, மிருகத்துக்கிட்ட நாம நெருங்குனா கெடுதல் அதுக்குத்தான். கடல்சிங்கமும் அந்த மணல்ல மரக்கட்டை மாதிரி படுத்திருக்கும், 20 மீட்டர் தள்ளியே நில்லுங்க, அதுக்கும் கடலுக்கும் நடுவுல போகாதீங்க. 2021ல ஒரு தாய் கடல்சிங்கம் குட்டியோட ரோட்ட கடந்து கடலுக்கு போக வரன்னு இருந்துச்சு, அதுக்காக அந்த ஊர்ல கடலோர ரோட்டையே மூடி விட்டாங்க. அப்படி பாத்துக்குற ஊருக்கு போறோம். ஹொய்ஹோ தற்செயலா கண்ணுல பட்டா சத்தம் போடாம பின்னால போய் மணல் மேட்டுக்கு பின்னாடி உக்காந்துடுங்க, அது உள்ள போன பிறகு எந்திரிங்க.