பச்சைப் பாம்பின் பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தின் நிறங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படித்தோம். சண்டையில் முடிந்தது.

2020-இல் கறுப்புக்கு வந்த ‘ஃபீட் தி ஸ்வார்ம்’ சீட்டைப் பாராட்டியிருக்கிறீர்கள். 2011-இல் பச்சைக்கு வந்த ‘பீஸ்ட் விதின்’ ஒரு தவறு என்கிறீர்கள். இரண்டுமே அந்தந்த நிறத்துக்கு வராத வேலையைச் செய்பவைதானே? மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற கதையாக இருக்கிறது. ‘பீஸ்ட் விதின்’னும் சும்மா அழிப்பதில்லை, பறிகொடுத்தவருக்கு மூன்றுக்கு மூன்று (தாக்கும் பலம் மூன்று, தாங்குதிறன் மூன்று) பலமுள்ள மிருகம் ஒன்றைக் கொடுக்கிறது. அது விலை இல்லையா?

நான் வெள்ளைச் சீட்டுக்கட்டு ஆடுகிறவன். நால்வர் ஆடும் ‘கமாண்டர்’ வகை ஆட்டத்தில் மற்ற மூவர் கையிலும் சீட்டு நிறைந்திருக்கும். நான் சுற்றுக்கு ஒன்றை எடுத்து, அதையும் இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெள்ளையிடம் மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?

நானே ஒரு சீட்டு வடிவமைத்தேன். பெயர் ‘கட்டுவிரியன்’. பச்சை, விலை இரண்டு மானா, ஒன்றுக்கு ஒன்று பலம். மேசைக்கு வந்ததும் எதிராளியின் உயிரினம் ஒன்றை அழிக்கும். காட்டில் பாம்பு இருக்கிறது, பாம்பு கடித்தால் சாவு. இதில் என்ன பிழை? நீலக் கட்டு ஆடும் நண்பர்தான் அதிகம் கத்தினார்.

இன்னும் இரண்டு கேள்விகள். கறுப்பைத் தீமையின் நிறமாக வைத்திருப்பது உங்களை உறுத்தவில்லையா? ஐந்து நிலம், ஐந்து நிறம் என்பது நம் ஐந்திணை மாதிரியே இல்லையா?

தங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

குடப் பழமொழியைப் படித்துச் சிரித்தேன். அடுத்த வரியில், மிருகமும் ஒரு விலைதானே என்று கேட்டிருக்கும் இடத்தில், மாட்டிக்கொண்டேன். பதில் தாமதமானது அதனால்தான்.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்குச் சில வரிகள். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் வடிவமைத்து, 1993-இல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட சீட்டாட்டம் இது. ஆடுகிறவர்கள் மந்திரவாதிகள் என்று கற்பனை. நிலச் சீட்டுகள் மானா என்னும் ஆற்றலைத் தரும். அதைச் செலவழித்து உயிரினங்களையும் மந்திரங்களையும் இறக்க வேண்டும். சமவெளிக்கு வெள்ளை, தீவுக்கு நீலம், சதுப்புக்குக் கறுப்பு, மலைக்குச் சிவப்பு, காட்டுக்குப் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம் உண்டு. அதற்கேற்பச் சில வேலைகள் கைவரும், சில வராது. ஆட்டக்காரர்கள் இதைக் ‘கலர் பை’ என்கிறார்கள். எனக்குப் பாகப்பிரிவினை என்று சொல்லத்தான் பிடிக்கும். கிணறு ஒருவனுக்கு, தோப்பு ஒருவனுக்கு. கிணறு கிடைக்காதவன் தண்ணீருக்கு என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான் நான் இந்த ஆட்டத்தின் முன் உட்காருகிறேன்.

பத்திரம் எழுதிய அன்றே பங்கு சமமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தொகுதியில் ஒரு மானாவுக்கு ஏதாவது மூன்று தரும் ஐந்து சீட்டுகள், நிறத்துக்கு ஒன்றாக. சிவப்பின் ‘லைட்னிங் போல்ட்’ மூன்று காயம் தரும். பச்சையின் ‘ஜயன்ட் க்ரோத்’ ஓர் உயிரினத்துக்கு அந்தச் சுற்றுக்கு மட்டும் மூன்று பலம் கூட்டும். கறுப்பின் ‘டார்க் ரிச்சுவல்’ மூன்று மானா தரும். வெள்ளையின் ‘ஹீலிங் சால்வ்’ மூன்று உயிர்ப்புள்ளி. நீலத்தின் ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ மூன்று சீட்டு. கடைசியில் சொன்னது இந்த ஆட்டத்தின் மிக வலிமையான சீட்டுகளில் ஒன்று என்று முப்பது வருடங்களாகப் பேசுகிறோம். ‘ஹீலிங் சால்வ்’வை யாராவது கட்டில் வைத்து நான் பார்த்ததில்லை. அதே தொகுதியில் நீலத்துக்கு ‘சயோனிக் பிளாஸ்ட்’ என்று நேரடியாக நான்கு காயம் தரும் சீட்டும் இருந்தது. இன்றைக்கு அது அப்பட்டமாகச் சிவப்பின் வேலை. ஆகவே ‘ஆதியிலேயே இருந்ததே’ என்ற வாதத்தை உங்கள் நீல நண்பர் எடுத்தால் ஏற்காதீர்கள்.

இனி பொன்குடம். நெடுங்காலமாகக் கறுப்பால் என்சான்ட்மென்ட் சீட்டுகளை, அதாவது மேசையிலேயே கிடந்து வேலை செய்யும் மந்திரங்களை, அழிக்க முடியாமல் இருந்தது. ‘ஃபீட் தி ஸ்வார்ம்’ அந்த வேலியில் ஒரு சந்து திறந்தது. இரண்டு மானா கொடுத்தால் எதிராளியின் உயிரினம் ஒன்றையோ என்சான்ட்மென்ட் ஒன்றையோ அழிக்கலாம். அழிந்த சீட்டின் விலை எத்தனை மானாவோ அத்தனை உயிர்ப்புள்ளி உங்களிடமிருந்து போகும். ஆறு மானாச் சீட்டை வீழ்த்தினால் ஆறு புள்ளி. கறுப்பின் சுபாவமே இதுதான்: வேண்டியது வேண்டும், தன் ரத்தத்தை விற்றாவது வேண்டும்.

அதில் ‘எதிராளியின்’ என்ற ஒரு சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? கறுப்பின் என்சான்ட்மென்ட்டுகள் பல, பேயுடன் போட்ட ஒப்பந்தங்கள். 2015-இல் வந்த ‘டிமோனிக் பேக்ட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வரங்கள், சுற்றுக்கு ஒன்று, ஒருமுறை எடுத்ததை மறுபடி எடுக்க முடியாது. முதல் மூன்றும் இனிப்பு. நான்காவது, ‘நீ ஆட்டத்தில் தோற்றாய்’. மூன்றையும் வாங்கிக்கொண்டு கறுப்பே பத்திரத்தைக் கிழித்துப் போடலாம் என்றால் அது என்ன ஒப்பந்தம்? அந்த ஒரு சொல் கதவைச் சாத்திவிடுகிறது. நான் பாராட்டியது முக்கியமாக அதற்காக.

‘பீஸ்ட் விதின்’னுக்கு வருகிறேன். மூன்று மானா, மேசையிலுள்ள எதை வேண்டுமானாலும் அழி, உடையவருக்கு ஒரு மிருகத்தைக் கொடு. ஒரு நிறம் தன்னால் முடியாததைச் செய்யும்போது தன் குணத்திலேயே விலை கொடுக்க வேண்டும் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். மிருகம் பச்சையின் சொத்துதானே என்று நீங்கள் அந்த அளவுகோலையே என் பக்கம் திருப்பிவிட்டீர்கள். நியாயம். அந்த வாக்கியத்தை எழுதியபடியே வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் சீட்டைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்றை அழித்து வேறொன்றாக மாற்றிக் கொடுப்பது நீலத்தின் வேலை. 2007-இல் வந்த ‘பாங்கிஃபை’ நீலச் சீட்டு; ஓர் உயிரினத்தை அழித்து அதன் உடையவரிடம் ஒரு குரங்கைக் கொடுக்கும். குரங்குக்கும் மூன்றுக்கு மூன்றுதான் பலம். அதையே மூன்று மானாவுக்கு, எல்லா வகைச் சீட்டுக்கும் செல்லும்படி விரித்தால் ‘பீஸ்ட் விதின்’ வந்துவிடுகிறது. பச்சை இங்கே கொடுத்த விலை தம்பியின் சட்டைப்பையிலிருந்து எடுத்தது.

விலையின் எடையும் இருக்கிறது. இருபது உயிர்ப்புள்ளியோடு இருவர் மோதும் ஆட்டத்தில் மூன்று பலமுள்ள மிருகத்தை எதிராளிக்குக் கொடுப்பது வலிக்கும். கமாண்டரில் ஆளுக்கு நாற்பது. சில வாரங்களுக்கு முன் எங்கள் மேசையில் எட்டு மானா கொடுத்து நான் இறக்கிய உயிரினத்தை ஒருவர் ‘பீஸ்ட் விதின்’னால் அடித்தார். கொடுக்க வேண்டிய மிருகத்துக்கு ‘டோக்கன்’ என்னும் அடையாளச் சீட்டு இல்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்றை என் முன் வைத்தார். ஆட்டம் முடியும்வரை அது யாரையும் கடிக்கவில்லை. கிளம்பும்போது நாணயத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதே 2011-இல், அதே ‘நியூ ஃபைரெக்சியா’ தொகுதியில் வந்த ‘டிஸ்மெம்பர்’ இதைவிடக் கெட்டது. சாதாரண மானா ஒன்றும் உயிர்ப்புள்ளி நான்கும் கொடுத்தால் எந்த நிறத்துக்காரரும் ஓர் உயிரினத்தின் பலத்தையும் தாங்குதிறனையும் ஐந்து குறைக்கலாம். ரத்தம் கொடுத்து வாங்குவது கறுப்பின் பழக்கம். அதைக் கடையில் வைத்து ஐவருக்கும் விற்றார்கள். கட்டில் கறுப்பு நிலம் ஒன்றுகூட வேண்டாம். வேலியே இல்லாத ஊரில் பாகப்பிரிவினை எதற்கு?

உங்கள் வெள்ளைக் கட்டின் பசி எனக்குப் புரிகிறது. சின்னச் சின்ன வீரர்களை வேகமாக இறக்கி அடித்து முடிப்பது வெள்ளையின் பழைய வழி. இருபது புள்ளிக்கு அது சரிப்படும். கமாண்டரில் எதிரே மூன்று பேர், நூற்றிருபது புள்ளி. பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிடும். கை காலியாகும்போது நிரப்ப வழியில்லை. இருந்தாலும், நீலத்தைப் போல இரண்டு சீட்டு, மூன்று சீட்டு என்று வெள்ளைக்கு வெறுமனே அள்ளிக் கொடுப்பதை நான் எதிர்ப்பேன். நான்கு மானாவுக்கு மேசையிலுள்ள உயிரினங்கள் அனைத்தையும் துடைக்கும் ‘ராத் ஆஃப் காட்’ உங்களிடம். ஒரு மானாவுக்கு எப்பேர்ப்பட்ட உயிரினத்தையும் ஆட்டத்தைவிட்டே அகற்றும் ‘சோர்ட்ஸ் டு ப்ளௌஷேர்ஸ்’ உங்களிடம். கையும் ஓயாமல் நிரம்பினால் மற்ற நான்கு நிறங்களும் எதற்கு ஆட வர வேண்டும்?

2021-இல் வந்த இரண்டு சீட்டுகளில் வழி தெரிகிறது. ‘வெல்கமிங் வாம்பயர்’ மேசையில் இருக்கும்போது, பலம் இரண்டோ அதற்குக் குறைவோ உள்ள உயிரினம் உங்கள் பக்கம் வந்தால் ஒரு சீட்டு எடுக்கலாம். ஆனால் ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். பந்தியில் உட்காரும் எளியவர்களுக்காகக் கிடைப்பது, அதுவும் அளவுச் சாப்பாடு. ‘எஸ்பர் சென்டினல்’ வரி வசூலிக்கும் ஆள்: எதிராளி ஒவ்வொரு சுற்றிலும் இறக்கும், உயிரினமல்லாத முதல் சீட்டுக்கு வரி கட்ட வேண்டும், தவறினால் உங்களுக்கு ஒரு சீட்டு. கணக்கு, வரிசை, வரி. வெள்ளையின் குணம் மாறவே இல்லை, சீட்டும் வருகிறது. இரண்டையும் வைத்து ஆடிப் பாருங்கள்.

கறுப்பு பற்றிக் கேட்டது சரியான கேள்வி, ஆனால் பாதிதான் பொருந்துகிறது. 2003-இல் தலைமை வடிவமைப்பாளரான மார்க் ரோஸ்வாட்டர் பல ஆண்டுகளாக எழுதிவரும் விளக்கத்தில் கறுப்பு தன்னலத்தின் நிறம், வெள்ளை ஒழுங்கின் நிறம். ஒழுங்கும் கொடுமையாகும். அண்மைக் கதைகளின் பெரும் கொடுங்கோலி எலெஷ் நோர்ன் வெள்ளைதான். உலகங்கள் எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவள். ஆனால் உறுத்தவே இல்லையா என்றால், உறுத்துகிறது. 1994-இல் ‘க்ளென்ஸ்’ என்று ஒரு வெள்ளைச் சீட்டு வந்தது. பெயருக்குத் தூய்மைப்படுத்து என்று பொருள். கீழே உள்ள விதி: கறுப்பு உயிரினங்கள் அனைத்தையும் அழி. சீட்டில் எழுதியிருப்பது மானாவின் நிறம் என்பது ஆடுகிறவனுக்குத் தெரியும். தோலின் நிறத்துக்காக அடிபட்டவன் அதைப் படித்தால்? 2020 ஜூனில் நிறுவனம் அது உட்பட ஏழு சீட்டுகளை இனவெறி அல்லது பண்பாட்டு அவமதிப்பு என்று ஒப்புக்கொண்டு தடைசெய்தது. இருபத்தாறு ஆண்டுகள் ஆயிற்று.

ஐந்திணையை இழுத்துப் பொருத்த வேண்டாம். மலை, காடு, வயல், கடல் வரை வண்டி ஓடும். ஐந்தாவதில் நம்முடையது நீரற்ற பாலை, அவர்களுடையது நீர் வடியாத சதுப்பு. தற்செயலான ஒற்றுமையை ரசித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கடைசியாக உங்கள் கட்டுவிரியன். ‘காட்டில் பாம்பு உண்டு’ என்ற வாதம் ஆபத்தானது. காட்டில் குளவியும் உண்டு. 2010-இல் அதே நியாயத்தில்தான் ஒரு மானாவுக்கு எவருக்கும் ஒரு காயம் தரும் ‘ஹார்னட் ஸ்டிங்’ என்ற பச்சைச் சீட்டை அச்சிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். காட்டில் தீப்பிடிக்கும், காட்டில் பேய் உலவும், காட்டில் முனிவர் வேதம் ஓதுவார். கதை சொல்லத் தெரிந்தவன் எந்த வேலையையும் எந்த நிறத்துக்கும் எழுதி வாங்கிவிடலாம். உங்கள் பாம்பு செய்வதை 2018-இல் வந்த ‘ராவனஸ் சூபகாப்ரா’ ஏற்கெனவே செய்கிறது. அது கறுப்பு, நான்கு மானா. நீங்கள் அதைப் பாதி விலைக்குப் பச்சையில் கேட்கிறீர்கள். உங்கள் நீல நண்பர் கத்தியதில் வியப்பில்லை.

பச்சை கொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. தன் உயிரினத்தை மோதவிட்டுக் கொல்லும். சரி, வந்ததும் மோதட்டும் என்று நீங்கள் திருத்தலாம். பாம்புக்கு நஞ்சும் வேண்டும் என்பீர்கள். நஞ்சு என்றால் ஒரு காயம் பட்டாலே சாவு. அப்போது ஒன்றுக்கு ஒன்று பலமுள்ள பாம்பு வந்ததும் மோதி எதையும் கொன்றுவிடும்: பழைய குருடி கதவைத் திறடி.

2011-இல் ‘அம்புஷ் வைப்பர்’ என்று ஒரு பச்சைப் பாம்பு வந்தது. உங்களுடையதைப் போலவே இரண்டு மானா. பலம் இரண்டு, தாங்குதிறன் ஒன்று, நஞ்சு உண்டு. எதிராளியின் முறையிலும் அதை இறக்கலாம். அவர் தன் பெரிய உயிரினத்தை உங்கள் மேல் ஏவும்போது புல்லுக்குள்ளிருந்து குறுக்கே வந்து கடிக்கும். அவர் வரவில்லையென்றால் அதுவும் யாரையும் தேடிப் போய்க் கொல்லாது. கட்டுவிரியனும் ஊருக்குள் ஆள் தேடி அலைவதில்லையே. தரையில் தூங்குகிறவர் இருட்டில் தெரியாமல் மேலே பட்டால்தான் பெரும்பாலும் கடிக்கிறது. உங்கள் சீட்டில் ‘மேசைக்கு வந்ததும்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘இது தடுக்கும் அல்லது இதைத் தடுக்கும் உயிரினம் அழியும்’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டு மானாவே போதும். அடுத்த ஞாயிறு ஆடிவிட்டு எழுதுங்கள், நீல நண்பர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.